அழித்த படங்களை மீட்க ஒரு சி புரோகிராம்: பிழை தேடப் பழகுங்கள்

சி மொழி படிக்கத் தொடங்கிய மாணவர்களிடம், முதல் மூன்று மாதங்களில் என்னென்ன புரோகிராம்கள் எழுதினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக அடுக்கினோம், ஒரு எண் பகா எண்ணா என்று பார்த்தோம், ஃபேக்டோரியல் கண்டுபிடித்தோம் என்று வரிசையாகச் சொல்வார்கள். இவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த புரோகிராம்களில் பிழை வந்தால் திரையில் ஒரு எண் மாறி வரும், அவ்வளவுதான். யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. எனவே பிழையைத் தேட வேண்டும் என்ற வேகமும் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கிக் கொண்டு போய்விடுகிறோம்.

இதற்குப் பதிலாக, கேமராவின் மெமரி கார்டில் அழிக்கப்பட்ட படங்களைத் தேடி எடுக்கும் சிறிய புரோகிராம் ஒன்றை எல்லோரும் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இது என் சொந்த யோசனை அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மாலன் நடத்தி வரும் சிஎஸ்50 என்னும் தொடக்கநிலைப் பாடத்தில் இது ஒரு பயிற்சி. ஒரு மெமரி கார்டின் நகலை மாணவர்களிடம் கொடுத்து, அதிலுள்ள 50 படங்களை மீட்கச் சொல்வார்கள். 2012ம் ஆண்டு முதல் எட்எக்ஸ் இணைய தளம் வழியாக யார் வேண்டுமானாலும் இந்தப் பாடத்தைக் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. புரோகிராம் ஐம்பது, அறுபது வரிகளைத் தாண்டாது. ஆனால் அதில் வரும் பிழைகள் ஒரு வருடப் பாடத்திற்குச் சமம்.

முதலில், அழித்த படம் எப்படித் திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். கேமரா கார்டுகளும் பென் டிரைவ்களும் பெரும்பாலும் ஃபேட் என்னும் பைல் அமைப்பையோ அதன் வழி வந்த அமைப்புகளையோ பயன்படுத்துகின்றன. ஃபேட் முறையில் ஒரு படத்தை நீங்கள் டெலிட் செய்தால், படம் அழிக்கப்படுவதில்லை. டைரக்டரியில் அந்தப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படுகிறது. எந்தெந்த இடங்களில் படம் சேமிக்கப்பட்டது என்ற பட்டியலில் பூஜ்யங்கள் வைக்கப்படுகின்றன. நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டு, புத்தகத்தை அலமாரியிலேயே விட்டு வைப்பது போலத்தான். அந்த இடத்தில் வேறு புத்தகத்தை வைக்கும் வரை பழைய புத்தகம் அங்கேயே இருக்கும்.

சீட்டு இல்லாமல் புத்தகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று எண்களுடன் தொடங்கும். நான்காவது எண் பெரும்பாலும் 224 முதல் 239 வரை ஏதாவது ஒன்றாக இருக்கும். கார்டில் உள்ள தகவல்கள் 512 பைட் கொண்ட துண்டுகளாக அமைந்துள்ளன. ஒரு படம் எப்போதும் ஒரு துண்டின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும். எனவே ஒவ்வொரு 512 பைட்டாகப் படித்து, முதல் நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். அடையாளம் பொருந்தினால் புதிய பைல் ஒன்றைத் திறந்து எழுத வேண்டும். பொருந்தாவிட்டால், ஏற்கனவே திறந்துள்ள பைலில் தொடர்ந்து எழுத வேண்டும். அடுத்த அடையாளம் வந்தால் பழையதை மூடி, புதியதைத் திறக்க வேண்டும். மொத்த புரோகிராமும் இவ்வளவுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? முதல் முறையிலேயே சரியாக எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிழை தேடுவதைக் கற்றுக்கொள்ள இந்த புரோகிராமை நான் பரிந்துரைக்கக் காரணம், இதில் ஒவ்வொரு பிழையும் தனக்கென ஒரு முகத்துடன் வரும். மருத்துவர் நாக்கைப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்வது போல, வெளிவந்த பைல்களைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம். படங்கள் எல்லாம் எண்ணிக்கையில் சரியாக வந்து, அளவும் ஏறத்தாழ சரியாக இருந்து, ஒன்று கூடத் திறக்கவில்லையா? அடையாளத்தைக் கண்டதும் புதிய பைலைத் திறந்தீர்கள்; அந்த அடையாளம் இருந்த துண்டையே எழுத மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு படமும் தலையில்லாமல் கிடக்கிறது. போல்டர் முழுவதும் ஆயிரக்கணக்கான பைல்கள், எல்லாம் சரியாக 512 பைட்டா? ஒவ்வொரு துண்டிற்கும் ஒரு பைலைத் திறந்துகொண்டே போகிறீர்கள். புரோகிராம் தொடங்கிய உடனேயே நின்று போகிறதா? கார்டின் முதல் பகுதியில் படம் எதுவும் இருக்காது. இன்னும் ஒரு பைலைக் கூடத் திறக்காத நிலையில் அதில் எழுத முயன்றிருப்பீர்கள்.

இன்னொரு பிழை வேடிக்கையானது. எதிர்பார்த்ததைப் போல இரு மடங்கு பைல்கள் வரும். ஒன்று விட்டு ஒன்று சில கேபி அளவில் இருந்து, சரியாகத் திறக்காது. மற்றவை திறக்கும், ஆனால் தபால்தலை அளவில், 160க்கு 120 புள்ளிகள் கொண்ட சிறிய படமாகத் தெரியும். கேமராக்கள் ஒவ்வொரு படத்திற்குள்ளும் அதன் சிறு நகல் ஒன்றை வைத்திருக்கின்றன. அதுவும் ஒரு ஜேபெக் படமே; அதுவும் 255, 216, 255 என்றே தொடங்கும். 512 பைட் எல்லைகளில் மட்டும் தேடாமல் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடும் புரோகிராம், உள்ளே இருக்கும் அந்தக் குட்டிப் படத்தைக் கண்டதும் பெரிய படத்தை வெட்டிவிடும்.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு புரோகிராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் உள்ள கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் எழுதியது. அவருடைய அக்காவின் வளைகாப்புப் படங்கள் 16 ஜிபி கார்டு ஒன்றில் இருந்திருக்கின்றன. வீட்டில் யாரோ கேமராவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதே கார்டில் மேலும் பத்துப் பன்னிரண்டு படங்களும் எடுத்துவிட்டார்கள். அவர் தானே சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதி, கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, மீட்கும் படங்களை அதே கார்டில் எழுதுவதாக அமைத்திருந்தார். நல்ல வேளையாக, புரோகிராம் ஒரு படத்தையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் மீட்ட முதல் படமே, மீட்க வேண்டிய வேறொரு படத்தின் மேல் எழுதப்பட்டிருக்கும்.

"சார், புத்தகத்தில் உள்ளபடிதான் எழுதினேன். ஒரு படம் கூட வரவில்லை" என்றார்.

"தம்பி, முதலில் கார்டை வெளியே எடுங்கள். பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானைக் கீழே தள்ளுங்கள்" என்றேன்.

பிழை தேடும் வேலையை உண்மையான கார்டில் செய்யக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கார்டில் உள்ள அனைத்தையும், பைல் பைலாக அல்லாமல், முதல் பைட் முதல் கடைசி பைட் வரை ஒரே பெரிய பைலாக ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் இதற்கு டிடி என்ற கட்டளை உள்ளது. ஆனால் எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் கார்டே அழிந்துவிடும். எனவே என்டர் தட்டும் முன் இரு முறை படித்துப் பாருங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற இலவச புரோகிராம்கள் உள்ளன. அதிலும் ரீட் என்ற பட்டனுக்கும் ரைட் என்ற பட்டனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கார்டைச் செருகியதும் பார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நகல் எடுத்த பிறகு கார்டை ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்துவிடலாம். புரோகிராமை நகலின் மேல் ஆயிரம் முறை ஓட்டினாலும் நஷ்டமில்லை.

அடுத்து ஒரு சிறு பென் டிரைவை எடுத்து, விரைவு பார்மட்டாக இல்லாமல் முழு பார்மட் செய்யச் சொன்னேன். விண்டோஸ் விஸ்டா முதல், முழு பார்மட் எல்லா இடத்திலும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. எனவே பழைய படங்கள் எதுவும் இடையில் வந்து குழப்பாது. அதில் ஐந்து ஜேபெக் படங்களை காப்பி செய்து, இரண்டை அழித்து, அதன் நகலை எடுத்தோம். விடை தெரிந்த கணக்கு ஒன்று நம் கையில் இருந்தது. புரோகிராம் ஐந்து படங்களைத் தர வேண்டும். இரண்டு அல்ல, ஐந்து. பலர் இங்கே தடுமாறுகிறார்கள். இந்த புரோகிராம் டைரக்டரியைப் பார்ப்பதே இல்லை. எது அழிக்கப்பட்டது, எது அழிக்கப்படவில்லை என்று அதற்குத் தெரியாது. எல்லாப் படங்களையும் அள்ளி வரும்.

அவர் புரோகிராம் அப்போதும் பூஜ்யம்தான் காட்டியது. இந்த நேரத்தில்தான் பெரும்பாலானவர்கள் கண்டபடி வரிகளை மாற்றத் தொடங்குவார்கள். ஒரு சமக்குறி இருந்த இடத்தில் இரண்டு, அடைப்புக்குறி இடம் மாற்றம், லூப்பை ஒன்றிலிருந்து தொடங்கிப் பார்ப்பது என்று அரை மணி நேரம் போகும். பிறகு எது முதலில் இருந்தது என்பதே மறந்துவிடும். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு துண்டின் முதல் நான்கு எண்களையும் பிரின்ட்எஃப் மூலம் திரையில் எழுதச் சொன்னேன். எண்கள் ஓடின. அவற்றின் இடையே -1, -40, -1, -31 என்று ஒரு வரி வந்தது.

அவரே கண்டுபிடித்துவிட்டார். துண்டைப் படித்து வைக்க, கேரக்டர் வகை அணி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார். சாதாரண கம்ப்யூட்டர்களில் இந்த வகை -128 முதல் 127 வரை மட்டுமே கொள்ளும். 255 என்ற பைட் அதில் -1 ஆகிவிடும். 216 என்பது -40, 225 என்பது -31. அதைக் கொண்டு போய் 255க்குச் சமமா என்று கேட்டால், காலம் முழுவதும் இல்லை என்றுதான் பதில் வரும். அன்சைன்டு என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்ததும் சரியாகிவிட்டது. (இதே புரோகிராமை ராஸ்பெரி பை என்னும் சிறு கம்ப்யூட்டரில் லினக்ஸில் ஓட்டினால் மாற்றமின்றியே வேலை செய்யும், அங்கே ஜிசிசி கம்பைலர் கேரக்டர் வகையை 0 முதல் 255 வரை என்றே எடுத்துக்கொள்கிறது. "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே" என்று நண்பர்கள் சண்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

இப்போது ஐந்து படங்கள் வந்தன. ஆனால் எல்லாம் கோணலும் மாணலுமாக, வண்ணம் சிதறி, பாதியில் சாம்பல் நிறமாக இருந்தன. இங்கே ஒரு எளிய சோதனை உள்ளது. நாம் 512 பைட் துண்டுகளாகத்தானே எழுதுகிறோம்? அப்படியானால் வெளிவரும் ஒவ்வொரு பைலின் அளவும் 512ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். வகுபடவில்லை. நாம் எழுதாத பைட்டுகளை யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

சேர்த்தது விண்டோஸில் உள்ள சி மொழியின் நூலகம். படிப்பதற்குத் திறந்தபோது ஆர்பி என்று சரியாகக் கொடுத்தவர், எழுதத் திறந்தபோது டபிள்யூபி என்று கொடுக்காமல் வெறும் டபிள்யூ கொடுத்திருந்தார். அப்படித் திறந்தால் அது எழுத்துக்கள் கொண்ட பைல் என்று கருதப்படும். 10 என்ற பைட் வரும் இடத்தில் எல்லாம், புதிய வரி தொடங்குகிறது என்று எண்ணி, அதற்கு முன் 13 என்ற பைட்டும் சேர்க்கப்படும். 2 எம்பி அளவுள்ள படத்தில் 10 என்ற எண் சுமார் 8,000 இடங்களிலாவது இருக்கும். படம் சிதறாமல் என்ன செய்யும்? படிக்கும்போதும் பி என்ற எழுத்தை விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 26 என்ற பைட்டைக் கண்டதும் பைல் முடிந்துவிட்டது என்று படிப்பதையே நிறுத்திவிடும். இது டாஸ் காலத்துப் பழக்கம். இன்றைய விண்டோஸிலும் தொடர்கிறது. லினக்ஸில் இந்த வேறுபாடே கிடையாது. லினக்ஸில் எழுதிய புத்தக எடுத்துக்காட்டை அப்படியே விண்டோஸில் தட்டினால் இந்த வம்பு வரும்.

ஒரு எழுத்தைச் சேர்த்தார். ஐந்து படங்களும் பளிச்சென்று வந்தன. பிறகுதான் கார்டின் நகலை எடுத்துக்கொண்டோம். வளைகாப்புப் படங்களில் பெரும்பாலானவை கிடைத்தன. விழாவின் தொடக்கத்தில் எடுத்தவை மட்டும் கிடைக்கவில்லை. சோதித்துப் பார்க்க எடுத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு படங்கள், மின்விசிறியும் கதவும் தெரியும் படங்கள், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. எந்த புரோகிராமாலும் அவற்றைத் திரும்பக் கொண்டு வர முடியாது. கார்டில் படம் அழிந்துவிட்டால் அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மாணவரின் புரோகிராமை ஓட்டுவதற்கு முன், கார்டின் நகலை போட்டோரெக் என்னும் புரோகிராமில் கொடுத்துப் படங்களை எடுத்து வைத்துவிட்டோம். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இந்த புரோகிராம் இலவசம்; அதன் மூல வரிகளையும் யாரும் படிக்கலாம். வீட்டில் உண்மையாகவே படங்கள் தொலைந்து போனால் இதைத்தான் பயன்படுத்த வேண்டும். முதலில் படங்களைச் சிறு அளவில் காட்டி ஆசை காட்டிவிட்டு, சேமிக்கப் பணம் கேட்கும் புரோகிராம்களிடம் போக வேண்டியதில்லை. நீங்கள் எழுதிய புரோகிராமிற்கு போட்டோரெக் ஒரு விடைத்தாள் போலவும் உதவும். இரண்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயர் கொண்டவை உள்ளே இருக்கும் சிறு நகல்கள். அவற்றைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: இப்போது செயற்கை நுண்ணறிவு புரோகிராம்களிடம் கொடுத்தால் நொடியில் திருத்தித் தந்துவிடுமே, இத்தனை பாடு எதற்கு? தந்துவிடும், உண்மைதான். இந்தப் பயிற்சி உலகம் முழுவதும் பலரும் எழுதியது என்பதால், பெரும்பாலும் சரியாகவே தரும். ஆனால் திருத்திய புரோகிராம் கையில் வந்ததும், -1 என்ற எண் ஏன் வந்தது என்று எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேட்பதாக இருந்தால், முதலில் உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதுங்கள். "எண்கள் எதிர்மறையாக வருகின்றன, மாறியின் வகை தவறாக இருக்கலாம்" என்று எழுதி, அது சரியா என்று மட்டும் கேளுங்கள். முழு புரோகிராமையும் ஒட்டிவிட்டு சரி செய்து கொடு என்று கேட்பது, ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுவதன் புதிய வடிவம்தான்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். டர்போ சியின் நீலத் திரையை இன்னும் வைத்திருக்கும் ஆய்வகங்கள் தயவு செய்து மாறிக்கொள்ளட்டும். அதில் இன்டிஜர் 32,767 வரைதான் போகும். ஒரு துண்டு எங்கே இருக்கிறது என்று அறிய, அதன் எண்ணை 512ஆல் பெருக்கினால், 64வது துண்டிலேயே 32,768 வந்து கணக்கு கவிழ்ந்துவிடும். மாணவர் தன் அறிவைக் குறை சொல்லிக்கொள்வார். தவறு அவருடையதாக இருக்காது. கோட்பிளாக்ஸ் போன்ற இலவசத் தொகுப்புகளில் ஜிசிசி கம்பைலரும் சேர்ந்தே கிடைக்கிறது.

சரியாக எழுதிய புரோகிராமிலும் சில விநோதங்கள் வரும். அவற்றைப் பிழை என்று எண்ணித் துரத்த வேண்டாம். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் நடுவில் ஒரு வீடியோ இருந்தால், அது முழுவதும் முதல் படத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 3 எம்பி படம் 300 எம்பியாக நிற்கும். ஆனாலும் சரியாகத் திறக்கும். ஒரு படம் கார்டில் தொடர்ச்சியாக இல்லாமல் இரண்டு இடங்களில் சிதறி இருந்தால், மேல் பாதி மட்டும்தான் சரியாக வரும். கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியில் அழித்த படங்களைத் தேடிப் பயனில்லை. டிரிம் என்னும் வசதி, அழித்த இடங்களைப் பெரும்பாலும் உடனே காலி செய்துவிடுகிறது. இன்றைய மொபைல் போன்களின் உள் நினைவகம் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அங்கும் இந்த வித்தை செல்லாது. போனில் அழித்திருந்தால் முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். ஐபோனில் 30 நாட்கள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸில், பேக்கப் எடுக்கப்பட்ட படமாக இருந்தால் 60 நாட்கள், இல்லையென்றால் 30 நாட்கள்.

புரோகிராம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அடுத்து இரண்டு முயற்சிகள் செய்து பார்க்கலாம். சில ஜேபெக் படங்களில் நான்காவது எண் 219 ஆக இருக்கும். அவற்றையும் பிடிக்கும்படி மாற்றுங்கள். 2017ம் ஆண்டு வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்இஐசி என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. அவை 255, 216 என்று தொடங்குவதில்லை. அடையாள எழுத்துக்கள் ஐந்தாவது பைட்டில்தான் ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட படம் ஒன்றை ஹெச்எக்ஸ்டி போன்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, 5 முதல் 8 வரை உள்ள பைட்டுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.